வெற்று வட்டு சொல்லும் உண்மை

கெடா தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு வீட்டின் பின்புறம் வேலியோரமாகப் படர்ந்திருக்கும் வெற்றிலைக் கொடி புதிதல்ல. பிள்ளைக்குச் சளி பிடித்தால் பாட்டி வெற்றிலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, நெஞ்சில் வைப்பார். சிறு காயம் என்றால் இலையைக் கசக்கிக் கட்டுவார். கேட்டால், “கிருமி சாகும்” என்பார்.

உண்மையாகவே சாகுமா? பாட்டி சொல்வதை நம்புவது ஒன்று; சோதித்துப் பார்ப்பது வேறொன்று. எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்ளத்தான், உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டில் ஆய்வுக்கூடத்துக்குள் அனுப்பப்படுகிறார்கள்.

சுங்கை பட்டாணிக்கு வடக்கே, பீடோங்கை அடுத்த செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2001-இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் உண்டு. அங்கு மட்டுமல்ல, நாட்டில் எங்கு இந்தத் துறையைப் படித்தாலும் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் என்ற ஒன்று காத்திருக்கும். அதுவரை செய்த சோதனைகளுக்கெல்லாம் விடை புத்தகத்தில் இருந்தது. இதற்கு மட்டும் விடை எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தலைப்பு எங்கே கிடைக்கும்?

சுற்றிலும் பாருங்கள். மங்கில் வடிந்த ரப்பர் பால் ஏன் சில மணி நேரத்தில் உறைகிறது? பாலில் பெருகும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குவது ஒரு காரணம். அமோனியா கலந்தால் பால் உறையாமல் இருப்பது ஏன்? அது பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. செம்பனை ஆலைக் கழிவு, மெர்போக் ஆற்றோரச் சதுப்புநில மண், நெல் வயல் என்று கெடாவில் ஆய்வுக்கான கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

நாம் வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள்தான் அந்த இறுதியாண்டு மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்கள்: தட்டும் ஊடகமும்

பாக்டீரியா வளர்வதற்கு உணவு வேண்டும். அந்த உணவைக் கெட்டியாக்கித் தட்டில் ஊற்ற உதவுவது அகர். ஆமாம், நம் வீட்டுப் பண்டிகைகளில் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கப்படும் அதே அகர்-அகர்தான். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துக்கு இதைப் பரிந்துரைத்தவர் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு குடும்பத்திடமிருந்து சமையலுக்காக அவர் கற்ற பொருள் அது. அதுவரை பயன்பட்ட ஜெலட்டின் 37 பாகை செல்சியஸில் உருகிவிடும், அகர் உருகாது. நம் பகுதிச் சமையலறைப் பொருள் ஒன்று இன்று உலகின் எல்லா நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் இருக்கிறது.

கரைத்த ஊடகத்தை 121 பாகை வெப்பத்தில், அழுத்தம் நிறைந்த நீராவியில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவீர்கள். பிறகு தட்டில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றுவீர்கள். மறுநாள் வந்து பார்த்தால், நீங்கள் விதைக்காத பூஞ்சணம் தட்டில் பச்சையாக முளைத்திருக்கும்! மூடியைச் சற்று அதிக நேரம் திறந்து வைத்தது போதும். காற்றில் மிதந்த வித்து ஒன்று விழுந்துவிட்டது. எல்லாத் தட்டையும் முறைப்படி கிருமி நீக்கி அப்புறப்படுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வுக்கூடம் சொல்லித்தரும் முதல் பாடம் பொறுமை.

சோதனை நாள்

வெற்றிலையை உலர்த்தி, பொடித்து, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, சாற்றைப் பிரித்தெடுக்கிறீர்கள். கரைப்பானை ஆவியாக்கிய பின் மிஞ்சும் பசை நீரில் எளிதில் கரையாது. அதனால் அதை வேறொரு கரைப்பானில் கரைத்து, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காகித வட்டுகளில் சொட்டு விடுகிறீர்கள்.

அடுத்து பாக்டீரியா. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 15 கோடி பாக்டீரியாக்கள் இருக்குமாறு கலங்கலின் அளவைச் சரிபார்த்து, பஞ்சுக்குச்சியால் தட்டு முழுவதும் சீராகப் பூசுகிறீர்கள். அதன்மேல் வட்டுகளை வைத்து, உடல் வெப்பநிலை அளவிலான பெட்டியில் ஓர் இரவு விடுகிறீர்கள். வட்டிலுள்ள பொருள் அகரில் பரவும். அது பாக்டீரியாவைத் தடுத்தால், வட்டைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வளையம் தோன்றும். இம்முறையை 1966-இல் பாவர், கிர்பி உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். நோயாளிக்கு எந்த மருந்து பலன் தரும் என்றறிய மருத்துவமனைகளில் இன்றும் இது பயன்படுகிறது.

மறுநாள் காலை பெட்டியைத் திறக்கிறீர்கள். வெற்றிலை வட்டைச் சுற்றி அழகான வளையம்! அளந்தால், வட்டையும் சேர்த்து 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போன் போட்டு, “பாட்டி சொன்னது சரிதான்” என்று சொல்லத் தோன்றும்.

ஒரு நிமிடம் பொறுங்கள். அதே தட்டில் இன்னொரு வட்டு இருக்கிறது. அதில் வெற்றிலைச் சாறு இல்லை. வெறும் கரைப்பான் மட்டுமே. அதைச் சுற்றியும் 9 மில்லிமீட்டரில் ஒரு வளையம் தெரிகிறது.

நெஞ்சு திக்கென்கிறதா? தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள் மாற்ற விரும்பியது ஒன்றே ஒன்று: வெற்றிலைச் சாறு இருக்கிறதா, இல்லையா. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வெற்று வட்டு. அது இப்போது சொல்வது இதுதான்: கரைப்பானும் பாக்டீரியாவைத் தடுக்கிறது, 14 மில்லிமீட்டரில் வெற்றிலையின் பங்கு எவ்வளவு என்று உன்னால் சொல்ல முடியாது.

யாரும் பார்க்காத வேளை

ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில வாரங்களே உள்ளன. மேற்பார்வையாளர் இன்னும் தட்டைப் பார்க்கவில்லை. வெற்று வட்டின் அளவை எழுதாமல் விட்டால் என்ன? 9 என்பதை 6 என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? படிக்கவைக்கும் பெற்றோரின் முகம் வேறு கண்முன் வந்து நிற்கும். இறுதியாண்டுத் திட்டத்தின் உண்மையான தேர்வு இந்த நிமிடம்தான்.

அந்த எண்ணை நம்பி அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் தம் ஆய்வைத் தொடங்குவார். அவருடைய மாதங்கள் வீணாகும். மருந்து ஆய்வில் இதே தவறு நடந்தால் நோயாளியின் உயிரே பணயம். மேலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவாக இத்திட்டத்தில் மதிப்பிடப்படுவது வளையத்தின் அளவு அல்ல. முறையாகச் செய்தீர்களா, கிடைத்ததை விளக்கத் தெரிகிறதா என்பதே முக்கியம்.

ஆகவே உள்ளதை உள்ளபடி குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கரைப்பானின் அளவைக் குறைத்து, வட்டுகளை நன்றாக உலர்த்தி, மூன்று முறை திரும்பச் செய்கிறீர்கள். இம்முறை வெற்று வட்டைச் சுற்றி வளையமே இல்லை. வெற்றிலை வட்டில் 11 மில்லிமீட்டர். முன்பைவிட எண் சிறியதுதான். ஆனால் அந்த எண்ணுக்காக நீங்கள் வாய்மொழித் தேர்வில் தைரியமாக வாதாடலாம்.

இன்னொரு தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு எதிராக வளையம் தோன்றவில்லை என்றால்? அதுவும் முடிவுதான். மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு இல்லாத ஒரு வெளிச்சவ்வு ஈ.கோலைக்கு உண்டு. பல பொருள்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. வளையம் வராததும் ஒரு செய்தி சொல்கிறது.

பாட்டி சொன்னது?

பாட்டி வெறுமனே சொல்லவில்லை. வெற்றிலையில் ஹைட்ராக்ஸிசாவிகால் என்ற பொருள் உண்டு. அது பாக்டீரியாவைத் தடுக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் தட்டில் கிருமியைத் தடுப்பது வேறு, உடலுக்குள் நோயைக் குணமாக்குவது வேறு. பாக்கோடு சேர்த்து வெற்றிலை மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் அறிவியல் உறுதிசெய்த உண்மை. ஓர் ஆய்வு எதைச் சொல்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு படி கூட மேலே போகக்கூடாது.

நீங்கள் இன்றே தொடங்கலாம்

வீட்டில் கிருமி வளர்க்க வேண்டாம், அது ஆபத்து. வேறொன்று செய்யுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் செடி நன்றாக வளரும் என்று அம்மா சொல்வாரே, அதைச் சோதியுங்கள். ஆறு குவளைகளில் ஒரே அளவு மண், ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு. மூன்று குவளைக்கு அரிசி கழுவிய தண்ணீர், மூன்றுக்குச் சாதாரணத் தண்ணீர். அளவும் வெளிச்சமும் ஒன்றாக இருக்கட்டும். பத்து நாள்கள் உயரத்தை அளந்து, தேதியோடு எழுதுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள்.

வித்தியாசம் எதுவும் தெரியாவிட்டால், “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வெற்று வட்டின் முன்னால் நிற்கும் நாளுக்கு நீங்கள் இப்போதே தயாராகத் தொடங்கிவிட்டீர்கள்.