ஜாடை எங்கே இருக்கிறது?

நன்றாகத் தெரிந்த ஒருவரின் புகைப்படத்தில் கண்களை மட்டும் அழித்துவிட்டால் ஆளை அடையாளம் தெரியுமா? கண்களை விட்டுவிட்டுப் புருவங்களை மட்டும் அழித்தால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பவன் சின்ஹாவும் அவருடைய சகாக்களும் பிரபலங்களின் படங்களைக் கொண்டு இதைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். கண் இல்லாத முகங்களைப் பார்த்து ஓரளவு பேர் சொன்னவர்கள், புருவம் இல்லாத முகங்களைப் பார்த்து அதைவிட அதிகமாகத் திணறினார்கள். கவிஞர்கள் காலங்காலமாகக் கண்ணைப் பாடினாலும், ஆளைக் காட்டிக்கொடுப்பதில் புருவத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலோ ஸ்நாப்சாட்டிலோ தன் ஜாடையில் ஒரு கார்ட்டூன் உருவம் செய்ய உட்காருகிறவர்களுக்கு இந்த ஒரு தகவலே பாதி வேலையை முடித்துத் தரும். பெரும்பாலானவர்கள் சட்டையையும் கண்ணின் நிறத்தையும் தேர்ந்தெடுப்பதில் பத்து நிமிடம் செலவிடுகிறார்கள். புருவம் என்ற பகுதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கடைசியில் "எல்லாம் சரிதான், ஆனா என்னை மாதிரி இல்லையே" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

மாதிரி இருப்பது என்றால் அளவு பிசகாமல் இருப்பது அல்ல. கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி ஆகிய மூவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தெரிந்த முகங்களை அச்சு அசலாகக் கோட்டோவியமாக வரைந்து காட்டியதைவிட, அந்த முகத்துக்கே உரிய அம்சங்களைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டியபோது பார்த்தவர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். தமிழ்ப் பத்திரிகை உலகம் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தது. 1930-களில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்களில் கோடுகள் மிகக் குறைவு. ஆனாலும் யார் பாடுகிறார் என்பதில் வாசகருக்குக் குழப்பம் வந்ததில்லை. மூக்கை எவ்வளவு நீட்ட வேண்டும், எதை வரையாமல் விட வேண்டும் என்ற தீர்மானம் அந்தக் கையில் இருந்தது.

இன்று அந்தத் தீர்மானம் ஓவியம் படிக்காத நம் விரல் நுனிக்கு வந்திருக்கிறது.

இந்தக் கதையின் முக்கியமான ஊர் கனடாவின் டொராண்டோ. பா என்ற செல்லப்பெயரால் அறியப்படும் ஜேக்கப் பிளாக்ஸ்டாக், நண்பர்களோடு சேர்ந்து 2007-இல் அங்கே பிட்ஸ்டிரிப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வரையத் தெரியாதவர்களும் காமிக்ஸ் செய்ய வேண்டும். அதில் தாங்களும் நண்பர்களும் பாத்திரங்களாக வர வேண்டும். எண்ணம் அவ்வளவுதான். ஒருமுறை உங்கள் உருவத்தைச் செய்துவைத்தால் போதும், எந்தக் கட்டத்திலும் அதை நிறுத்தலாம், உட்கார வைக்கலாம், அழ வைக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பள்ளிகளுக்குக்கூட இதன் ஒரு வடிவம் போய்ச் சேர்ந்தது. 2012 டிசம்பரில் ஃபேஸ்புக்கில் நுழைந்ததும் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால், காமிக்ஸ் என்றால் கதை வேண்டும், வசனம் வேண்டும், நேரம் வேண்டும். அரட்டைக்கு நடுவே "வந்துட்டேன்", "தூக்கம் வருது", "சபாஷ்" என்று சொல்ல ஒரே ஒரு படம் போதும். 2014 அக்டோபரில் அதே நிறுவனம் வெளியிட்ட பிட்மோஜி இதைத்தான் செய்தது. 2016-இல் ஸ்நாப் நிறுவனம் பிட்ஸ்டிரிப்ஸை விலைக்கு வாங்கியது. பங்குச் சந்தைக்கு வருமுன் ஸ்நாப் தாக்கல் செய்த ஆவணத்தில் அந்த விலை சுமார் 6.42 கோடி டாலர் என்று இருக்கிறது. மறு ஆண்டு ஆப்பிள் வெளியிட்ட பட்டியலில், ஐபோனில் அதிகம் பதிவிறக்கப்பட்ட இலவசச் செயலிகளில் பிட்மோஜிக்கு முதலிடம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 2006-இல் நின்டென்டோவின் வீ விளையாட்டுக் கருவியோடு வந்த மீ உருவங்களுக்கு, ஜப்பானின் கோகேஷி மரப்பொம்மைகள் தூண்டுதலாக இருந்ததாக ஷிகெரு மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். கையும் காலும் இல்லாத உருளை உடல், அதன்மேல் உருண்டைத் தலை, தூரிகையால் இழுத்த நாலைந்து கோடுகளில் ஒரு முகம். அந்தப் பொம்மை அவ்வளவுதான். அவதாரம் என்ற சொல்லும் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. 1980-களின் நடுவில் லூகாஸ்ஃபில்ம் உருவாக்கிய ஹாபிடாட் என்ற இணைய விளையாட்டில், திரையில் ஆட்டக்காரருக்காக நடமாடும் உருவத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். இங்கிருந்து போன சொல் ஆங்கிலத்தில் வாழ்ந்துவிட்டு, வால் கழன்று 'அவதார்' என்று நம் செல்பேசிக்குத் திரும்பியிருக்கிறது.

பிறகு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். 2018-இல் சாம்சங்கின் ஏஆர் எமோஜியும் ஆப்பிளின் மெமோஜியும். ஃபேஸ்புக் அவதார் இந்தியாவுக்கு வந்தது 2020 ஜூன் கடைசியில். 2022 டிசம்பரில் வாட்ஸ்அப் தன் அவதார் வசதியை அறிவித்தபோது, ஓர் உருவத்தைச் செய்து முடித்ததும் அதே முகத்தோடு 36 ஸ்டிக்கர்கள் தயாராகக் கிடைத்தன.

உள்ளே நடப்பது என்ன? இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாமே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது: முகவடிவம், தோல் நிறம், முடி, புருவம், மூக்கு, வாய், கண்ணாடி, உடை. ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போலச் செயலி இந்தப் பாகங்களை அடுக்குகிறது. பத்துப் பாகங்கள், ஒவ்வொன்றிலும் இருபது வகை என்று வைத்துக்கொண்டால்கூடக் கிடைக்கக்கூடிய முகங்கள் பத்து லட்சம் கோடியைத் தாண்டும். இன்னொரு வழி, செல்ஃபி எடுத்துக் கொடுப்பது. அப்போது மென்பொருள் முகத்தின்மேல் புள்ளிகள் வைத்துப் பார்க்கிறது. கூகுளின் மீடியாபைப் கருவியில் முகத்துக்கு 468 புள்ளிகள். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு தூரம், தாடை எங்கே குறுகுகிறது என்பதை அவை சொல்லும். முடி சுருளா நீளமா, கண்ணாடி உண்டா, தாடி உண்டா என்பதை மென்பொருள் தனியாகக் கணிக்கிறது. அதன்பின் தன் கிடங்கில் இருக்கும் பாகங்களில் நெருங்கியதைப் பொருத்துகிறது.

கிடங்கு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செயலி யாரையும் புதிதாக வரைவதில்லை. வைத்திருக்கும் மூக்குகளில் ஒன்றைத்தான் எடுத்து வைக்கிறது. உங்கள் மூக்கு அந்தக் கிடங்கில் இல்லையென்றால் நீங்கள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி ஒன்று. பேத்தி ஊருக்கு வந்திருக்கிறாள். பாட்டிக்கு அவதார் செய்து தருவதாகச் சொல்லி, கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து ஒரு செல்ஃபி எடுக்கிறாள். சில விநாடிகளில் உருவம் வருகிறது. பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறாள்.

"யாருடி இது? இவ்ளோ வெளுப்பா இருக்கா?"

"நீதான் பாட்டி. லைட்டு அடிச்சதுல அப்படி வந்துடுச்சு. இரு, மாத்துறேன்."

பேத்தி நிறத்தை இரண்டு படி இறக்குகிறாள். தலைமுடியை வெள்ளையாக்கி, பின்னால் இழுத்து முடிந்த கொண்டையைத் தேடுகிறாள். கிடைத்த கொண்டை தலை உச்சியில் நிற்கிறது. பாட்டியுடையதோ பிடரியில் சரிந்து கிடப்பது. பல பக்கம் தள்ளியபின் ஓரளவு தாழ்ந்த ஒன்று அகப்படுகிறது. நெற்றியில் பொட்டு வைக்க வழியிருக்கிறதா, இரண்டு பக்கமும் மூக்குத்தி போட முடியுமா என்று அடுத்த தேடல். பாட்டிக்கு அதுதான் முகம். எட்டுக்கல் பேசரியைக் கழற்றினால் அவளுக்கே தன்னைத் தெரியாது.

அந்த வீட்டில் நடக்கும் இந்தச் சின்ன இழுபறிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டுடியோக்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக இருந்த கணக்கில் கறுத்த முகங்கள் விவரம் இழந்து இருண்டு விழுந்தன. படச்சுருள் போய் மென்பொருள் வந்தும் கோளாறு தீரவில்லை. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளுத்த ஆண்களிடம் செய்த பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது.

எமோஜிகளுக்குத் தோல் நிறம் வந்ததே 2015-இல்தான். அதற்கு எடுத்துக்கொண்ட ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், வெயில் பட்டால் தோல் எப்படிக் கன்றுகிறது என்பதை வகைப்படுத்த ஒரு தோல் மருத்துவர் 1975-இல் வகுத்தது. ஆறு வகைகளில் முதல் இரண்டையும் ஒன்றாக்கி ஐந்து நிறமாக வைத்தார்கள். ஹார்வர்டின் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலைக் கூகுள் 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. மாநிறம், புதுநிறம், கறுப்பு, அட்டைக்கறுப்பு என்று நிறத்துக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு, ஐந்து பெட்டிகளுக்குள் ஒன்றைத் தொடச் சொல்வது எவ்வளவு இடிக்கும் என்பது புரியும். அதனால்தான் செயலி தானாகப் போட்டுத் தரும் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. வெளுப்பாக வந்துவிட்டதே என்று மகிழ்ந்து விட்டுவிடுவது, குறிப்பாகக் குழந்தைகளின் உருவத்தில், மிகவும் தவறு. தன் நிறத்தைத் தானே தொட்டு எடுக்கும் குழந்தை அதைச் சரியாக எடுக்கட்டும்.

கிடங்குகள் விரிவடைவதும் உண்மை. 2022 ஜனவரி கடைசியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் அவதார்களுக்குக் காது கேட்கும் கருவி, காக்ளியர் உள்வைப்பு, சக்கர நாற்காலி ஆகியவற்றைச் சேர்த்தது. காதுக் கருவியை ஒரு காதில் மட்டுமோ இரண்டிலுமோ பொருத்திக்கொள்ளலாம். அந்தக் கருவியோடு வாழும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, வகுப்பு நண்பர்கள் குழுவில் தன் உருவம் முழுதாக வந்து நிற்பது எத்தனை பெரிய விஷயம்! 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அமெரிக்க ஆசிரியர்கள் பலர் பிட்மோஜியைக் கொண்டு திரையில் வகுப்பறை கட்டினார்கள். கரும்பலகை, அலமாரி, ஜன்னல், நடுவே தங்கள் கார்ட்டூன் உருவம். கட்டம் கட்டமாக முகம் தெரிந்த காணொளி வகுப்புக்கு வெளியே, டீச்சர் இங்கே இருக்கிறார் என்று சிறு பிள்ளைகளுக்கு அது சொன்னது.

இனி, செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு. முதல் வேலை, செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது: "என் முகத்துல முதல்ல உனக்கு எது கண்ணுல படுது?" கிடைக்கும் பதில் பெரும்பாலும் நாம் நினைத்ததாக இருக்காது. முன்வழுக்கை, தடித்த கண்ணாடிச் சட்டம், மோவாயில் ஒரு மச்சம், ஒட்டிய கன்னம் என்று இரண்டு மூன்று சொல்வார்கள். அவற்றைப் பிடித்துவிட்டால் மற்றவை ஏறக்குறைய இருந்தாலே போதும். செல்ஃபி கொடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து நின்று எடுக்க வேண்டும். பிறகு புருவத்துக்குப் போக வேண்டும்: தடிமன், வளைவு, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல். அரட்டையில் அது கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் கண்மணியின் பழுப்பு நிறம் யார் கண்ணுக்கும் தட்டுப்படாது. முடியின் வெளிக்கோடும் புருவமும் கண்ணாடியும்தான் நிற்கும். உடையில், அன்றாடம் உடுத்துவதையே போடுவது ஜாடைக்கு நல்லது. வேட்டி சட்டையிலேயே இருக்கும் பெரியப்பாவைக் கோட்டு சூட்டில் நிறுத்தினால் குழுவில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பாகங்களைக் கையால் தேர்ந்தெடுத்துச் செய்யும் அவதாருக்கு உங்கள் புகைப்படமே தேவையில்லை. செயற்கை நுண்ணறிவால் ஓவியம் போல மாற்றித் தரும் செயலிகள் அப்படி அல்ல. 2022 கடைசியில் பரபரப்பான லென்சா, பத்து முதல் இருபது செல்ஃபிகள் கேட்டது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி வழியாக ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் பாணிப் படங்கள் பரவியபோது, குடும்பப் படங்களையும் கைக்குழந்தைகளின் படங்களையும் கணக்கில்லாமல் ஏற்றினார்கள். பெரியவர்கள் தங்கள் படத்தைக் கொடுப்பது அவர்கள் விருப்பம். பேசத் தெரியாத குழந்தையின் முகத்தை அதன் சார்பாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்; கையால் செய்த பொம்மை முகமே அதற்குப் போதும்.

வீட்டில் ஸ்நாப்சாட் பயன்படுத்தும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த ஸ்நாப் மேப் வசதியில், இருப்பிடத்தைப் பகிர்கிறவர்களின் பிட்மோஜி வரைபடத்தில் அவர்கள் இருக்கும் தெருவிலேயே நிற்கும். கார்ட்டூனாகத் தெரிவதால் விளையாட்டு போலத் தோன்றும்; காட்டுவது பிள்ளை உண்மையில் இருக்கும் இடம். அமைப்புகளில் கோஸ்ட் மோட் என்பதை இயக்கினால் உருவம் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து இதைச் செய்வதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

பாட்டியின் அவதார் முடிந்துவிட்டது. பேசரி எட்டுக்கல்லாகக் கிடைக்கவில்லை. ஒற்றைப் புள்ளியாக ஒன்றுதான். பேத்தி அதைக் குடும்பக் குழுவில் போடுகிறாள். துபாயிலிருந்து பேரன் உடனே எழுதுகிறான்: "பாட்டி, புருவம் அப்படியே நீதான்."