எலிப் பசையும் மூளை வீக்கமும்



வில்லியனூர், பாகூர் பக்கம் வயலோர வீடுகளில் எலித் தொல்லை புதிதல்ல. அதற்கு வைக்கும் பசைகளில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது மிகக் கொடியது. முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி வரும். பிறகு ஓரிரு நாள் குணமானதுபோல் தெரியும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரல் நின்றுபோனால் அம்மோனியா மூளைக்குப் போகும். அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக, நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அவை அம்மோனியாவைக் குளூட்டமைனாக மாற்றி அடக்கப் பார்க்கும். குளூட்டமைன் சேரச் சேரத் தண்ணீரை இழுத்து, ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பிவிடும். மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை. அழுத்தம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழறல், நீட்டிய கைகளில் படபடப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கடுமையான மஞ்சள் காமாலையிலும் இவை வரலாம். கண்ணேறு, ஜின் கோளாறு என்று நாளைக் கடத்தாதீர்கள். துஆவும் செய்வோம், மருத்துவமும் பார்ப்போம்.

யாராவது பசையை விழுங்கியது தெரிந்தால்:

• நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.
• பசையின் டியூபையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.
• பால், எண்ணெய் கொடுக்காதீர்கள். கொழுப்பில் இந்த விஷம் எளிதாகக் கரையும்.

இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அதனால் பசையை வீட்டில் வைக்காமலிருப்பதே நல்லது, எலிப்பொறி போதும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.