விறகுத் தீயும் கரித் தணலும்

மீனையோ இறைச்சியையோ நேரே தீயில் வாட்டி உண்ணும் வழக்கம் பாத்திரங்கள் தோன்றுவதற்கு முன்பே தோன்றியது. நம் நாட்டில் இன்றும் அது பல உருவங்களில் நிலவுகிறது. காஷ்மீரத்தில் இரும்புக் கம்பியில் கோத்த இறைச்சித் துண்டுகளைக் கரித் தணலின்மீது திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். நாகாலாந்தின் மலைக் கிராமங்களில், வீட்டினுள் எரியும் விறகடுப்பிற்கு மேலே பரண் கட்டி, பன்றி இறைச்சியை நாட்கணக்கில் தொங்கவிட்டுப் புகையேற்றுகிறார்கள். லட்சத்தீவுகளில் சூரை மீனை உப்பு நீரில் வேகவைத்து, தேங்காய் மட்டை முதலியவற்றின் புகையில் வாட்டி, பின்னர் வெயிலில் உலர்த்தி ‘மாஸ்மீன்’ தயாரிக்கிறார்கள். நமக்குப் பழக்கமான மாசிக் கருவாடு இவ்வினத்தைச் சேர்ந்ததே. அண்மைக் காலத்தில் நகரங்களிலும் வீட்டுப் புழக்கடையிலும் மொட்டை மாடியிலும் கம்பி வலை அடுப்பு வைத்துச் சுடுவது பரவி வருகிறது.

இவற்றை ஒப்பிட்டு நோக்கினால் ஒன்று புலப்படும். விரைவில் சுட்டெடுக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கரி. புகை ஏற வேண்டிய இடத்தில் விறகு, அல்லது மட்டை. இப்பிரிவினை தற்செயலானதன்று. அதன் காரணத்தை உணர்ந்தால், எதை எப்பொழுது கொள்வது என்பதும், எங்கே அபாயம் ஒளிந்திருக்கிறது என்பதும் விளங்கும்.

பள்ளி ஆசிரியர்கள் இதை ஓர் எளிய சோதனையால் காட்டலாம். உலர்ந்த மரத்தூளைக் கெட்டியான சோதனைக் குழாயில் இட்டு, வளைந்த கண்ணாடிக் குழல் செருகிய தக்கையால் மூடி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். குழலின் மறுமுனை அடைபடாமல் திறந்திருப்பது அவசியம். முதலில் நீராவி வரும். பிறகு மஞ்சள் கலந்த வெண்புகை எழும். நனைந்த நீல லிட்மஸ் தாள் அதில் சிவக்கும். புகையில் அசெட்டிக் அமிலம் இருப்பதே காரணம். குழலின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் வாயு பற்றி எரியும். குளிர்ந்த இடங்களில் பழுப்பு நிறத் தார் படியும். இறுதியில் குழாயில் எஞ்சுவது கரி. விறகு எரியும்போது நாம் காணும் கொழுந்து, இவ்வாறு வெளிப்பட்ட வாயுக்கள் எரிவதேயாகும். அவை எரியாது தப்பினால் புகை எனப்படுகின்றன.

ஆகவே கரி என்பது புகையையும் கொழுந்தையும் முன்கூட்டியே இழந்துவிட்ட விறகு. அதில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன். அது கொழுந்துவிடாமல், ஒரே சீரான வெப்பத்துடன் கனலுகிறது. சுடுபவருக்கு வேண்டிய குணம் இதுவே. காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோகிராமில் சுமார் 3,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நல்ல கரியில் சுமார் 7,000. இதைக் கொண்டு கரியே சிக்கனமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மண் மூடிய பழைய முறை மூட்டத்தில் ஒரு கிலோகிராம் கரி எடுக்க 5 கிலோகிராமுக்குக் குறையாத விறகு வேண்டும். பல இடங்களில் அதனினும் மிகுதியாகச் செலவாகிறது. 5 கிலோகிராம் விறகின் வெப்பம் 17,500 கிலோகலோரி; கையில் கிடைப்பதோ 7,000. ஐந்தில் மூன்று பங்கு மூட்டத்திலேயே போய்விடுகிறது. விறகு தாராளமாகக் கிடைக்கும் கிராமத்தில் அதை விற்றுக் கரி வாங்குமாறு கூறுவதற்கு முன் பணியாளர் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விறகைக் கொண்டே சுட விரும்புவோர் செய்ய வேண்டியது பொறுத்திருத்தல்தான். கொழுந்து அடங்கி, துண்டுகள் சிவந்த கங்குகளாகி, மேலே மெல்லிய சாம்பல் பூத்த பின்னரே மீனை வைக்க வேண்டும். இதற்கு அரைமணி முதல் முக்கால் மணி வரை ஆகும். சுருங்கச் சொன்னால், அவர்கள் தங்கள் அடுப்பிலேயே கரி தயாரித்துக் கொள்கிறார்கள். கொழுந்தில் வைத்த மீன் வெளியே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும். விறகு நன்கு காய்ந்திருப்பதும் முக்கியம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகும். காய்ந்த இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும்.

புகையிடுதல் வேறு விஷயம். இங்கே விறகு இன்றியமையாதது. கரியில் அதற்கு வேண்டிய சத்து எஞ்சியிருப்பதில்லை. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் சிதையும்போது குவயக்கால், சிரிங்கால் போன்ற பீனால் வகைப் பொருள்கள் உண்டாகின்றன. புகையிட்ட உணவின் தனி மணத்திற்கு இவையே முதற்காரணம். செல்லுலோசு முதலியன சிதைவதால் தோன்றும் பொருள்கள் பொன்னிறத்தைத் தருகின்றன. மா, கொய்யா போன்ற பிசின் குறைந்த கட்டைகள் இதற்கு ஏற்றவை. பைன் போன்ற பிசின் மரங்கள் புகைக்கரியைப் படியவைத்துக் கசப்பூட்டும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய மரம், பழைய சரக்குப் பெட்டி ஆகியவற்றை அடுப்பருகே கொண்டு வருவதே தகாது. மரத்தூளைச் சிறிது நனைத்து இடும் வழக்கம் உண்டு. கொழுந்து எழாமல் தடுப்பதால் அதில் பயனுண்டு. ஆனால் வெப்பத்திற்காக எரிக்கும் விறகை ஈரமாக்குவது வீண்.

இனி அபாயத்தைக் கவனிப்போம். மரம் மிகுந்த உஷ்ணத்தில், போதிய காற்றின்றிச் சிதையும்போது, பல வளையங்கள் கொண்ட ஹைடிரோகார்பன்கள் தோன்றுகின்றன. புகை உண்டாகும் இடத்தின் உஷ்ணம் 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏற ஏற இவையும் பெருகுகின்றன. இவற்றுள் பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டுள்ளது. இவை விறகுக்கு மட்டும் உரியவை என்று கரிக்காரர்கள் மகிழ்வதற்கில்லை. கொழுப்பு உருகித் தணலில் சொட்டினால், அங்கும் இதே பொருள்கள் உண்டாகிப் புகையுடன் எழுந்து உணவில் படிகின்றன. உணவுத் தர நிர்ணயத்திற்கான சர்வதேசக் குழுவான கோடெக்ஸ், 2009-ஆம் ஆண்டில் இவற்றைக் குறைப்பதற்கான செயல்முறை விதிகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல், புகையிட்ட மீனுக்கு, கிலோகிராம் ஒன்றுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரீன் என்ற பொது வரம்பை நடைமுறைப்படுத்தியது. ஏற்றுமதியை நாடும் மீனவர் சங்கங்களுக்கு இது வெறும் சுகாதார விஷயம் அன்று. பிழைப்பைப் பற்றியதும் ஆகும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் செனகல் நாட்டின் தியாரோயே என்னும் ஊரிலுள்ள பயிற்சி நிலையத்துடன் சேர்ந்து வகுத்த அடுப்பு இங்கே நினைக்கத் தக்கது. அதில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதலில் மீன் தணலில் வேகிறது. இடையே உள்ள தட்டு சொட்டும் கொழுப்பைப் பிடித்துக்கொள்கிறது. மணத்திற்கும் நிறத்திற்கும் வேண்டிய புகை தனியே உண்டாக்கப்பட்டு, வடிகட்டப்பட்ட பின் சிறிது நேரம் மட்டும் செலுத்தப்படுகிறது. நாள் முழுவதும் புகையில் கண் எரிய நிற்கும் பெண்களின் துன்பமும் இதனால் குறைகிறது. இதே கருத்தை வீட்டுப் புழக்கடையிலும் கையாளலாம். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் மீனை வைத்து, அதன் கீழே ஒரு தட்டை இட வேண்டும். தணலின்மேல் ஒரு பிடி மாங்கட்டைச் சீவலைத் தூவி மூடினால் போதும். மெல்லிய நீலப் புகை எழுவது நல்லது; அடர்ந்த வெண்புகையோ கரும்புகையோ காற்றோட்டம் போதாமையைக் காட்டும்.

புகை ஏறிய உணவு கெடாது என்னும் நம்பிக்கையும் பரவலாக உள்ளது. பழைய முறைகளில் உணவைக் காத்தவை பெரும்பாலும் உப்பும் உலர்ச்சியுமே. புகை துணை மட்டுமே. மாஸ்மீன் மரக்கட்டை போல் இறுகும்வரை உலர்த்தப்படுவதை நினைவில் கொள்க. வீட்டில் ஒரு மணி நேரம் புகையிட்ட ஈர மீன், நிறத்தில் எவ்வளவு அழகாயிருப்பினும், சுட்ட மீனைப் போலவே அன்றே உண்ணத் தக்கது.

எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. விறகுப் புகை கண்ணைக் கரித்து மனிதனை வெளியே துரத்திவிடும். நன்கு கனன்ற கரி புகைவதில்லை. ஆனால் அதிலிருந்து நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு இடைவிடாமல் வெளிப்படுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பற்றுக் கொண்டு இணைந்துவிடும். தலைவலி, மயக்கம், உறக்கம், மரணம் என்று அது படிப்படியாக நடக்கும்; உறங்குபவர் விழிப்பதே இல்லை. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும், கதவடைத்த அறையில் அங்கீதி என்னும் கரியடுப்பை வைத்து உறங்கிக் குடும்பமாக மாண்டவர்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. சுட்டு முடித்தபின் எஞ்சிய தணலைக் குளிர்காய அறைக்குள் எடுத்துச் செல்வதும், மழை பிடித்ததும் அடுப்பை உள்ளே தூக்கி வைப்பதும் இதே ஆபத்தே. சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

சாம்பல் மூடிய கரி மறுநாள் காலையிலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கக்கூடும். ஆகையால் தள்ளி நின்று நீர் தெளித்து, கிளறி, மீண்டும் தெளித்து, தொட்டால் சூடில்லை என்று உறுதியான பின்னரே குப்பையில் கொட்ட வேண்டும்.