சக்கரம் மாற்றுமுன் எழுத்தைப் படியுங்கள்



எங்கள் கோலா கங்சார் பட்டணத்தில், நில அலுவலகத்தின் அருகே ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக்கிற்கு வந்தன. பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம்முடைய மாளிகைத் தோட்டத்தில் அவற்றை நடச் செய்தார். அந்த ஒன்பதில் எஞ்சியது இந்த ஒரு மரம்.

நட்ட காலத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் காப்பிப் பயிரின்மேல்தான் கண். பதினொரு ஆண்டு கழித்து, 1888இல், பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டினார். இதே யோசனைக்கு 1845லேயே தாம்சன் என்பவர் உரிமை பெற்றிருந்தார். அது பலருக்கும் மறந்தே போயிருந்தது. டன்லப்புக்குப் பிறகு சைக்கிள் பெருகியது, மோட்டார் வண்டி பெருகியது, டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று. காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள். டயர் உருண்டதால் வந்த கூட்டம் நாம் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது பேராக்கில் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பல. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய நம் வீடுகளில், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? அதைப் படிப்பது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். நம் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். பழைய ரிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் பொன்னிறத்தில் ஒன்று மாட்டுவார்கள். தடித்த டயரை எடுத்துவிட்டுச் சைக்கிள் டயர்போல் மெல்லியதாக ஒன்று போடுவார்கள். பழைய நட்டு, போல்ட்டுக்குப் பதிலாக ஊதா, சிவப்பு, நீல நிறங்களில் புதியவை வரும். அப்பா உள்ளேயிருந்து சத்தம் போடுவார். பையன் காதில் வாங்கமாட்டான்.

நான் அந்தப் பிள்ளைகளைத் திட்டுகிறவன் அல்லன். வகுப்பில் பின்னக் கணக்கைக் கண்டு ஓடினவன், பேரிங்கின் அளவை மில்லிமீட்டரில் ஒப்பிக்கிறான். அந்தக் கைத்திறமை மதிக்கத்தக்கது. தொல்லையெல்லாம் எந்த உறுப்பை அழகுக்கு மாற்றலாம், எதைக் கணக்குப் பார்க்காமல் தொடக்கூடாது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாததில்தான் இருக்கிறது.

வண்டியைத் தன் கையால் மாற்றிக் கட்டும் ஆசை நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததன்று. 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, இயந்திரத்தை முறுக்கேற்றி ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்கு ஹாட் ராட் என்று பெயர் வந்தது. 1932இல் போர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் இயந்திரத்தோடு ஒரு கார் வெளியிட்டது. அது அவர்களுக்குக் கிடைத்த வரம். சாலையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே மூராக் என்ற இடத்தில் வறண்டு கிடந்த ஏரிப் படுகையில் ஓட்டினார்கள். 1937இல் சங்கம் அமைத்து விதிகளும் வகுத்துக்கொண்டார்கள். நம் நாட்டிலும் இ.எக்ஸ்.5 போன்ற சிறு வண்டிகளுக்கென்றே 1994 முதல் கப் பிரிக்ஸ் பந்தயம் நடந்துவருகிறது. அதுவும் அடைத்த களத்தில்தான் நடக்கிறது.

அந்த ஹாட் ராட் வண்டியின் படத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முன் சக்கரம் சிறியது. பின் சக்கரம் பெரியது, அகலமானது. வெறும் அலங்காரத்துக்காக அப்படிச் செய்யவில்லை. இயந்திரத்தின் பலம் பின் சக்கரத்தின் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. பலத்தைக் கூட்டினால் தரையைப் பற்றும் ரப்பரையும் கூட்டவேண்டும் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். நம் பிள்ளைகளோ இயந்திரத்தின் பலத்தைக் கூட்டிவிட்டு டயரைக் குறைக்கிறார்கள்.

ஏன் குறைக்கிறார்கள்? அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மெல்லிய டயர் எடை குறைவு. சுழலும் பொருளின் எடை குறைந்தால் வண்டி சட்டென்று கிளம்பும். சக்கரத்தின் மொத்த உயரமும் குறைவதால் பல்சக்கரத்தை மாற்றியதுபோல் கிளம்பும் வேகம் இன்னும் சற்றுக் கூடும். இவ்வளவும் உண்மை. முன் சக்கரத்திலிருந்து ஓடும் வேகமானி அதனால் சிறிது கூட்டிக் காட்டும். 77இல் போகிறவன் 80இல் போவதாக நினைத்து மகிழ்வான். அதனால் பெரிய கேடில்லை.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் மட்டும் அன்று, அதற்குள் அடைபட்ட காற்றுந்தான். மெல்லிய டயருக்குள் காற்றுக்கு இடம் குறைவு. அதே பாரத்தைத் தாங்க அழுத்திக் காற்றடிக்க வேண்டும். அழுத்தினால் டயர் கல்லாகிவிடும், தரையில் படியும் பரப்பு சுருங்கும். சரியான டயரிலேயே, இரண்டு பேர் ஏறிய வண்டியின் பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கையைவிடச் சிறியதுதான். பிரேக் போட்டால் நிற்பதும், வளைவில் சறுக்காமல் திரும்புவதும் அந்தச் சிறு பரப்பின் தயவில். மழை பெய்த செம்மண் சாலையில் அதையும் சுருக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? காற்றைக் குறைத்து ஓட்டலாமே என்றால், பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையில் இடிக்கும்; டியூப் நடுவில் நசுங்கி இரண்டு பொத்தல் விழும்.

இப்போது எழுத்துக்கு வருவோம். வண்டியை ஸ்டாண்டு போட்டு, டயரின் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். 2.50-17 என்று இருந்தால், டயரின் அகலம் இரண்டரை அங்குலம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். 70/90-17 என்று இருந்தால் அகலம் 70 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு, விட்டம் அதே 17 அங்குலம். இதுவரை கடைக்காரர் சொல்லிவிடுவார். அதற்குப் பக்கத்தில் 38 எல் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

அந்த எண் டயர் சுமக்கக்கூடிய பாரத்தைக் குறிக்கும் அடையாளம். 28 என்றால் 100 கிலோ. 33 என்றால் 115 கிலோ. 38 என்றால் 132 கிலோ. 43 என்றால் 155 கிலோ. கூட இருக்கும் எழுத்து வேகத்தின் எல்லை. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி சுமார் 100 கிலோ. ஓட்டுகிறவர் 60, பின்னால் உட்கார்ந்தவர் 60. மொத்தம் 220 கிலோ. இதில் ஏறத்தாழ 130 கிலோ பின் சக்கரத்தின்மேல் விழும். 38 என்று எழுதிய டயர் அதைத் தாங்கிவிடும். ஆனால் 28 என்று எழுதியதைப் பின்னால் மாட்டியிருந்தால், தம்பி அக்காளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பும்போதே டயர் 30 கிலோ அதிகம் சுமக்கிறது. நடுவில் ஓர் அரிசி மூட்டையும் வைத்தால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுமந்த டயர் உடனே வெடிப்பதில்லை. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளேயிருக்கும் நூலடுக்கு பிரிந்து, ஏதோ ஒரு நாள்தான் கைவிடும். அந்த ஒரு நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. ஓர் அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்டவேண்டும். டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பூ தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மூன்றாவது, நான்கு இலக்கங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். கடையின் மூலையில் பல வருடம் கிடந்த டயர் பளபளப்பாகத்தான் தெரியும். ரப்பர் வயதானால் வெடிக்கும் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஒட்டுப்பால் எப்படி ஆகும் என்று கண்டவர்கள் நாம்.

ரிம்மைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயருக்கேற்ற அகலத்தில் ரிம் வேண்டும். பொருந்தாத அகலத்தில் போட்டால் டயரின் விளிம்பு சரியாக உட்காராது. ஸ்போக் கம்பி போட்டுப் புதிதாகக் கட்டிய சக்கரமானால், சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. அதன் பாரத்தையும் பக்கத்துக் கம்பிகளே சுமக்கின்றன. புதுச் சக்கரம் சில நாள் ஓடியபின் கம்பிகள் இளகுவது இயல்பு. மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய் இறுக்கச் சொல்லவேண்டும்.

நட்டு, போல்ட் பேச்சு சற்று நீளமானது. நல்ல எஃகு போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பார்கள். முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அந்த இழுவையில் பத்தில் எட்டுப் பங்கு வந்ததும் போல்ட் நீளத் தொடங்கும், பழைய நிலைக்குத் திரும்பாது என்பதைச் சொல்கிறது. வண்ண வண்ணமாக வரும் போல்ட்டுகள் பல அலுமினியத்தால் ஆனவை. உறுதியான அலுமினியக் கலவைகூட அந்த அளவை எட்டுவதில்லை. கண்ணாடியைப் பிடிக்கவும் மூடியைப் பிடிக்கவும் அவை போதும். அச்சிலும் பிரேக்கிலும் அவற்றுக்கு வேலையில்லை.

என்னிடம் படித்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவில், விளக்கு வெளிச்சத்தில், பின் சக்கரத்தைத் தானே மாற்றினான். பின்பக்க டிரம் பிரேக்கின் தட்டிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு ஒரு தட்டைக் கம்பி போகும். பிரேக் போடும்போது அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்வது அது ஒன்றுதான். அதன் எஃகு போல்ட் எங்கோ உருண்டுவிட்டது. கையில் இருந்த ஊதா நிற போல்ட்டை மாட்டினான். மறுநாள் தோட்டத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது போல்ட் முறிந்து, தட்டு சுழன்று, சக்கரம் பூட்டிக்கொண்டது. மெதுவாகப் போனதால் தோள்பட்டை எலும்போடு தப்பினான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் தங்கைக்குக் கன்னத்தில் இன்றும் வடு இருக்கிறது.

வண்டியை மேம்படுத்தவே கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். தேய்ந்த பேரிங்கை மாற்றுங்கள். துருப்பிடிக்காத ஸ்போக் போடுங்கள். பின் டயரை ஓர் அளவு கூட்டலாம். முட்காலிலும் சங்கிலியிலும் உரசாமல் இடம் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்த பிறகு. வண்டியின் அமைப்பை விதிக்குப் புறம்பாக மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகா அபராதம் போடும். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர்களும் கேள்வி கேட்பார்கள். வெள்ளி 300 போட்டு நிறம் மாற்றுகிறவனிடம், முதலில் நல்ல டயருக்கும் பிரேக் கட்டைக்கும் போடச் சொல்லுங்கள். மிஞ்சியதில் நிறம் மாற்றட்டும், யார் வேண்டாம் என்கிறார்கள்?

அந்தப் பழைய மாணவன் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வண்டியையும் அவன் உடனே அனுப்புவதில்லை. அச்சு நட்டை இறுக்கியபின், நட்டின்மேலும் அதையொட்டிய இரும்பின்மேலும் சேர்ந்தாற்போல் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பான். தட்டைக் கம்பியின் போல்ட்டுக்கும் அப்படியே. ஓடி ஓடி நட்டு இளகினால் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத அம்மாவும் காலையில் வாசல் கூட்டும்போது குனிந்து பார்த்துச் சொல்லிவிடலாம். வீட்டில் வெள்ளைச் சாயம் இல்லையென்றால் தங்கையின் நகச்சாயம் போதும் என்கிறான்.