விடையை ஒளித்து வையுங்கள்!

"கணக்கு என்றாலே எங்கள் பையனுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது" என்று குறைப்படும் பெற்றோர்கள் நம்மிடையே அநேகர். அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியமும் நாம் அறிந்ததே: இன்னொரு டியூஷன், இன்னொரு வினா-விடைப் புத்தகம். எல்லாக் கணக்கையும் அதிலே போட்டுக் காட்டியிருக்கும். பிள்ளையாண்டான் செய்ய வேண்டியது உருப்போடுவது ஒன்றுதான். வைத்தியம் பலிக்காததில் ஆச்சரியம் என்ன?

1903-ஆம் ஆண்டில், கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கைக்கு ஒரு புத்தகம் இரவலாக வந்து சேர்ந்தது. அப்போது அவருக்குப் பதினாறு பிராயம் நிரம்பவில்லை. கார் என்ற ஆங்கில உபாத்தியாயர் பரீட்சை மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. கதையோ சுவையோ கிடையாது. சுமார் 5,000 கணித முடிவுகள் வரிசையாக நின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. இருந்த இடத்திலும் ஒரு சிறு குறிப்போடு சரி.

அந்தக் குறையே வரமாயிற்று! முடிவு தெரிகிறது, வழி தெரியவில்லை. வழியைத் தாமே தேடிப் புறப்பட்டார் ராமானுஜன். தேடிய பாதையில், அந்தப் புத்தகத்தில் இல்லாத புதிய உண்மைகளும் அவருக்குப் புலப்பட்டன. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதியனுப்பியவை அத்தகைய முடிவுகளே. 1918-இல் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

ராமானுஜனின் மேதை எல்லோருக்கும் வாய்க்காது, மெய்தான். மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரியில் உதவிச் சம்பளத்தை அவர் இழந்ததும் உண்டு. ஆகவே பரீட்சையை மறந்துவிடச் சொல்லவில்லை. ஆனால், தானே கண்டுபிடிப்பதில் உள்ள ஆனந்தம் மேதைகளுக்கு மட்டும் உரியதன்று. குழந்தைக்கும் அது உண்டு. விடையை முந்திக்கொண்டு சொல்லும்போது அந்த ஆனந்தத்தைத்தான் நாம் பறித்துவிடுகிறோம்.

இன்று மாலையே சோதித்துப் பாருங்கள். கூடத்தில் ஒரு பிடி புளியங்கொட்டையைப் போடுங்கள். ஒன்றை வைத்து, அதனுடன் மூன்றைச் சேர்த்தால் 4. மேலும் ஐந்து சேர்த்தால் 9. ஏழு சேர்த்தால் 16. ஒற்றைப்படை எண்களை ஒழுங்காகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறதே, ஏன்? அப்படியே, குளிர்ந்த நீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அந்த நீர் எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து கசிந்ததா? எப்படிச் சோதிப்பது?

கேட்டுவிட்டு, மெள்ள எழுந்து போய்விடுங்கள். பையனோ பெண்ணோ புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கத் தொடங்கினால், பாதி வெற்றி கிடைத்துவிட்டதென்று கொள்ளலாம்.

விடை என்னவென்கிறீர்களா? அதை இங்கே எழுதப் போவதில்லை!