பெரிய கைகள் வாங்குகின்றனவா? நாமே பார்த்துக்கொள்ளலாம்



“இந்தக் கம்பெனிப் பங்கை வெளிநாட்டு ஃபண்டுகள் அள்ளுகின்றன, இன்றே வாங்குங்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்த பணத்தை அதை நம்பிப் போட்டுவிடுகிறோம். அந்தச் செய்தி உண்மைதானா என்று காசு செலவில்லாமல் நாமே பார்க்க வழி இருக்கிறது.

பங்குச்சந்தையில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும், யாரிடம் எத்தனை பங்கு இருக்கிறது என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் அது வந்துவிடும். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இணையதளங்களில் கம்பெனியின் பெயரைப் போட்டு, ‘ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்’ பகுதியைத் திறந்து பாருங்கள். கம்பெனியை நடத்தும் ப்ரமோட்டர்கள், மியூச்சுவல் ஃபண்டுகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் என்று தனித்தனியே சதவீதம் இருக்கும். 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பெயரும் இருக்கும். கடைசி நான்கு காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒருவர் ஒரே நாளில் ஒரு கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் வாங்கினாலோ விற்றாலோ, அது ‘பல்க் டீல்’ பட்டியலில் அன்றே வரும். பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் கையிருப்பை மாதாமாதம் வெளியிடுகின்றன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜூன் 30-ம் தேதி நிலவரம் நமக்கு ஜூலையில்தான் தெரியும். அதற்குள் அவர்கள் விற்றிருக்கலாம். கம்பெனி புதிய பங்குகளை வெளியிட்டால், ஒரு பங்கைக்கூட விற்காதவரின் சதவீதமும் குறையும். ஏன் வாங்கினார்கள், ஏன் விற்றார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லாது.

பெரியவர்களும் ஏமாறுவதுண்டு. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பங்குகளை எல்.ஐ.சி. உட்பட உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் பல வைத்திருந்தன. 2009 ஜனவரி 7-ம் தேதி, கணக்கைப் பொய்யாகக் காட்டியதை அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு, அன்றே சுமார் 40 ரூபாய்க்கு விழுந்தது. ப்ரமோட்டர்கள் அடமானம் வைத்த பங்குகளையும் வெளியிட வேண்டும் என்று அதன் பிறகே செபி கட்டாயமாக்கியது. அந்த அடமான விவரமும் இதே பக்கத்தில் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், முதலில் பட்டியலைத் திறந்து பாருங்கள். சொல்பவர் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்தானா என்று செபியின் இணையதளத்தில் தேடுங்கள். செய்தி உண்மையாகவே இருந்தாலும், நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ பங்கு வாங்க வேண்டாம். நஷ்டம் வந்தால் பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், நம் வீடு தாங்காது.