எல்லையும் இசைவும்

ஒரு நாட்டினர் பிறிதொரு நாட்டிற்குச் செல்ல இரண்டு ஆவணங்கள் வேண்டப்படும். ‘இவர் எம் குடிமகன்’ என்று சொந்த நாடு உறுதி கூறுவது கடவுச்சீட்டு. ‘எம் நாட்டினுள் வரலாம்’ என்று செல்லும் நாடு அளிக்கும் இசைவு விசா.

ஆயினும், எல்லைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலையைக் காண்க. ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திர மாநிலத்துத் தடா வந்துவிடும். மொழி மாறும்; மாநில ஆட்சியும் மாறும்; எனினும் வழிச்செல்வோரிடம் விசா கேட்பார் எவருமிலர். நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளித்துள்ளது. பீகாரிலும் ஒடிசாவிலும் பிறந்தோர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைத்து வாழ்வது இவ்வுரிமையாலேயாம்.

தனித்தனி நாடுகளுக்கிடையேயும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 1950ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் இந்தியாவும் நேபாளமும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக இருநாட்டு மக்களும் விசா இன்றியே வந்துபோகின்றனர்; தங்கித் தொழிலும் செய்கின்றனர்.

ஐரோப்பியர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 1985இல் லக்சம்பர்க் நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரில், மொசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில், ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் இணைந்துள்ளன. ஒரு நாடு வழங்கும் குறுகியகால விசாவை ஏனையவும் ஏற்கும். கூட்டுக்குடும்பத்தில் தலைவாயிலைக் காப்பவன் அயர்ந்தால் இழப்பு ஓர் அறையோடு நில்லாது. ஆதலின், வெளியெல்லையைக் காப்பதற்கு அந்நாடுகள் பொதுவிதி வகுத்துள்ளன. இடர் நேருங்கால் உள்ளெல்லையிலும் சிலகாலம் சோதனை நடத்தலாம்.

இனி நம் அயலை நோக்குவோம். தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை அங்கே பயணக் கப்பல் ஓடிற்று. பின்னர்ப் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் பலர் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழ்கின்றனர். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒடிசாத் தொழிலாளிக்கு அவ்வூரில் தடையில்லை. அருகிலிருந்து வந்த இவர்களுட் பலரோ ஆண்டுகள் பல கழிந்தும் குடியுரிமை பெற்றிலர். மனிதர்க்கு வழியைத் திறப்பதும் அடைப்பதும் தொலைவன்று, சட்டமே என்பது இதனாற் புலனாகும்.

சட்டமோ மக்கள் வகுப்பது. காவலும் நம்பிக்கையும் ஒருங்கே அமையுமாயின், எல்லைகள் அண்டை நாட்டாரைப் பிரிக்கும் மதிலாகாமல், இருபாலாரும் புழங்கும் வாயிலாகும்.